பழைய டெஸ்க்டொப்புக்கு ரேம் கூட்டுவது பற்றி, பொகவந்தலாவை டீச்சருக்கு

பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருந்தார். வீட்டில் இருப்பது டெல் ஒப்டிபிளெக்ஸ் 390, ஐ3 புரொசசர், 2 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளை மெஷின் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம்), விண்டோஸ் 10. எக்செலில் மார்க்ஸ் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குரோமில் இரண்டு பக்கம் போட்டால் மெஷின் இறுகிப்போய் நின்றுவிடுகிறதாம். டவுனில் ஒரு கடையில் "இதத் தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். தம்பி ஒருபக்கம் இணையத்தில் மலிவாக ஒரு 8 ஜிபி ரேம் பார்த்து வைத்திருக்கிறார். அதை வாங்கலாமா, வாங்கினால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி.

டீச்சர், தூக்கிப் போட வேண்டாம். ரேம் கூட்டலாம், நீங்களே போடவும் செய்யலாம். தம்பி பார்த்து வைத்ததை மட்டும் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். ரேம் போடுவது பத்து நிமிஷ வேலை. இந்த வயசு மெஷினுக்குப் பொருத்தமான ரேமைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அதிலும் நம் பக்கம் தப்பான சாமானை வாங்கிவிட்டால், அதை மாற்ற இன்னொரு முறை பஸ் ஏறிக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். வித்தவர் இணையத்தில் இருந்தால் அதுவும் இல்லை.

முதலில் ரேம்தான் குறையா என்று பாருங்கள். மெஷின் இறுகும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். 90 வீதத்துக்கு மேல் நின்றால் குறை அதுதான். கூடவே டிஸ்க் 100 வீதம் என்று காட்டும். இதைப் பார்த்துவிட்டு "ஹார்ட் டிஸ்க் பழுது" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் ரேமில் இடம் இல்லாமல் போனதால் விண்டோஸ் உள்ளதை டிஸ்க்கில் கொண்டுபோய் வைப்பதும் திரும்ப எடுப்பதுமாக இருக்கிறது. சாக்கு நிறைந்துவிட்டால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய்க் கொட்டிவிட்டுத்தானே மறுபடி மலைக்கு ஏற வேண்டும்? கை எவ்வளவு வேகமாகக் கொழுந்து பறித்தாலும் நேரம் நடையில் போய்விடும். 64 பிட் விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் சொல்லும் ஆகக்குறைந்த அளவே 2 ஜிபி. அதாவது உங்கள் மெஷின் எழும்பி நிற்பதற்கே அது சரியாகிவிடும், எக்செலுக்கும் குரோமுக்கும் மிச்சம் கிடையாது.

அதே மெமரிப் பக்கத்தில் கீழே எத்தனை ஸ்லொட் (ரேம் செருகும் இடம்) இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது, ரேமின் வேகம் என்ன என்பதும் எழுதியிருக்கும். குறித்து வையுங்கள். பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போய் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் என்றால் எவ்வளவு ரேம் போட்டாலும் மூன்று, மூன்றரை ஜிபிக்கு மேல் பயன்படாது. விண்டோஸைப் புதிதாகப் போட்டபிறகுதான் மற்றதெல்லாம். ரேம் 2 ஜிபியாக இருந்த காலத்தில் பல கடைகளில் 32 பிட்டைத்தான் ஏற்றிக் கொடுத்தார்கள், அதனால் பார்க்காமல் விடாதீர்கள்.

இனி உங்கள் மெஷின். 390 என்பது 2011இல் வந்த மொடல். மெயின்போர்ட்டில் இன்டெல் எச்61 சிப்செட் (போர்ட்டின் பாகங்களை இணைத்து நடத்தும் சிப்), ரேமுக்கு இரண்டு ஸ்லொட், டிடிஆர்3 வகை. டெல் கொடுத்திருக்கும் உச்ச அளவு 8 ஜிபி, அதாவது ஒவ்வொரு ஸ்லொட்டிலும் 4. அந்த ஐ3 இரண்டாம் தலைமுறை என்றால் ரேம் ஓடும் வேகம் 1333தான். 1600 என்று எழுதிய ரேம் போட்டாலும் 1333க்கு இறங்கி ஓடும், அதனால் கெடுதல் இல்லை. கையில் கிடைப்பது எதுவோ அதை எடுக்கலாம்.

என் சொல் இரண்டு 4 ஜிபி. ஒரே 8 ஜிபி ரேம் இந்த மெஷினில் வேலை செய்யவும் கூடும், ஏனென்றால் புரொசசரின் பக்கம் தடை இல்லை. ஆனால் டெல் அதற்குப் பொறுப்பெடுக்கவில்லை. அதோடு இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு ஸ்லொட்டிலும் ஒரே அளவு ரேம் இருந்தால் புரொசசர் இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் எடுக்கும். தனி கிராஃபிக்ஸ் காட் இல்லாத மெஷினில் திரைக்கான வேலையும் இதே ரேமில்தான் நடக்கிறது. யூடியூப் வீடியோ ஓடும்போது வித்தியாசம் தெரியும். கைச்செலவு இடிக்கிறது என்றால் இருக்கிற 2 ஜிபியை அப்படியே வைத்துவிட்டு பக்கத்தில் ஒரு 4 ஜிபி போட்டு 6 ஆக்குங்கள். அதுவும் ஓடும். 2இலிருந்து 6க்குப் போவதுதான் பெரிய தாண்டல். 6க்கும் 8க்கும் நடுவே உங்கள் வேலைக்கு அவ்வளவு இல்லை.

இப்போது தம்பியின் மலிவு ரேம். இணையத்தில் மலிவாக வரும் பழைய டிடிஆர்3 8 ஜிபி ரேம்களில் இரண்டு வகையை நான் கண்டிப்பாகத் தள்ளிவைப்பேன்.

ஒன்று சேர்வர் ரேம். பெரிய கம்பனிகள் கழித்துவிட்ட சேர்வர்களிலிருந்து வருவது. பார்க்க நம் ரேம் மாதிரியே இருக்கும், ஸ்லொட்டிலும் சரியாக இறங்கும், ஆனால் சாதாரண டெஸ்க்டொப்பில் எழும்பாது. இதைப் பிடிக்க ஸ்டிக்கரைப் படித்தால் போதும். பிசி3-10600 அல்லது பிசி3-12800 என்று ஒரு எண் இருக்கும். முதலாவது 1333, இரண்டாவது 1600. அந்த எண்ணை ஒட்டி வரும் ஆங்கில எழுத்தைப் பாருங்கள். 'யூ' என்றால் டெஸ்க்டொப் ரேம், எடுக்கலாம். 'ஆர்' என்றால் சேர்வர். 'எஸ்' என்றால் லெப்டொப்புக்கான சின்ன ரேம். 'ஈ' என்றால் பிழை திருத்தும் வகை, அதுவும் உங்களுக்கு வேண்டாம். சேர்வர் ரேமில் சிப்புகளுக்கு நடுவில் வேறு அளவில் ஒரு தனிச் சிப்பும் தெரியும், ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் அதை வைத்துப் பிடிக்கலாம்.

மற்றது "ஏஎம்டி போர்ட்டுக்கு மட்டும்" என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டு விற்பது. சிலர் அதையும் போடுவதில்லை. இதில் உள்ள சிப்புகள் ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு 4 பிட் கொடுப்பவை. இன்டெல் டெஸ்க்டொப்புகள் எதிர்பார்ப்பது 8 பிட் சிப். நல்ல 8 ஜிபி ரேமிலும் 16 சிப், இதிலும் 16 சிப், கண்ணால் பிரிக்க முடியாது. ஸ்டிக்கரில் பிசி3 எண்ணுக்கு முன்னால் தனியாக இன்னொரு 'ஆர்' இருக்கும், சேர்வரைக் குறிக்கும் 'ஆர்' அல்ல இது. அதற்குப் பின்னால் பெருக்கல் குறி மாதிரி ஒன்றும் அதன்பின் ஒரு எண்ணும் இருக்கும் (2Rx8 என்பதுபோல). அந்தக் கடைசி எண் 8 என்றால் எடுங்கள், 4 என்றால் விடுங்கள். விலை ஊரில் உள்ளதைவிடப் பாதிக்குக் கீழே, புதுப் பெட்டி, இதுவரை கேள்விப்படாத பெயர் என்றால் பெரும்பாலும் இந்த வகைதான். ஸ்டிக்கரைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லித் தம்பியிடம் சொல்லுங்கள். விற்பவர் அனுப்ப மறுத்தால் கதை முடிந்தது.

இதை வாசிப்பவர்களில் இன்னும் பழைய மெஷின் வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜி31 சிப்செட் போர்ட் என்றால் டிடிஆர்2, உச்சம் 4 ஜிபி. அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம், யாராவது சும்மா கொடுத்தால் போடுங்கள். ஜி41 போர்ட்டில்தான் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இதில் டிடிஆர்3 போடலாம், மொத்தம் 8 ஜிபி வரை போகும். ஆனால் ஒரு சிப்புக்கு 2 ஜிகாபிட் (8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி) வரைதான் இந்தச் சிப்செட்டுக்குக் கணக்குத் தெரியும். 4 ஜிபி ரேமை 8 சிப்பில் செய்திருந்தால் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட், அது இதற்குப் புரியாது. சில போர்ட்டில் பாதி தெரியும், சிலதில் திரையே வராது. அதே 4 ஜிபியை 16 சிப்பில், அதாவது இரண்டு பக்கமும் எட்டெட்டாக, செய்திருந்தால் ஓடும். ஆகவே ஜி41காரர்கள் கடையில் ரேமைத் திருப்பிப் பார்த்து இரண்டு பக்கமும் சிப் இருக்கிறதா என்று எண்ணித்தான் வாங்க வேண்டும். புதிதாக வரும் டிடிஆர்3 ரேம்களில் ஒருபக்கச் சிப்தான் கூட. இந்த விஷயத்தில் பழையதே மேல். போர்ட் என்ன வகை என்று தெரியாவிட்டால் சிபியு-சீ (CPU-Z) என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பாருங்கள், மெயின்போர்ட் பக்கத்தில் சிப்செட்டின் பெயர் இருக்கும்.

டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் கால்கள் 240தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதில் இறங்காது. டிடிஆர்4க்கு 288. பலம் கொடுத்து இறக்கிப் பார்க்காதீர்கள், ஸ்லொட் போனால் போர்ட்டே போனமாதிரி. ஸ்டிக்கரில் பிசி3க்குப் பின்னால் 'எல்' எழுத்து இருந்தால் குறைந்த மின்னழுத்த வகை, 1.35 வோல்ட். அது உங்கள் மெஷினின் 1.5 வோல்ட்டிலும் ஓடும்.

வாங்குவதற்கு, பழைய ரேமைக் கழற்றிக் கையில் கொண்டுபோவதைவிட நல்ல வழி இல்லை. மொடல் பெயரைச் சொல்லி விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை, ரேமை மேசையில் வைத்து "இந்த மாதிரி, 4 ஜிபி, ரெண்டு" என்றால் போதும். சொப்பிங் பேக்கில் சும்மா போட்டுக்கொண்டு போகாதீர்கள், உராய்வில் நிலைமின்சாரம் வரும். ரேம் வந்த சாம்பல் நிறப் பை இருந்தால் அது, இல்லாவிட்டால் சமையலுக்கு வாங்கும் அலுமினியத் தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். ஹட்டனிலேயே அலுவலக மெஷின்களிலிருந்து கழற்றிய டிடிஆர்3 கிடைக்கும். அங்கே இல்லாவிட்டால் கண்டி, அதுக்கும் மேல் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் ரேமை அள்ளிக்கொண்டு போவதால் புது ரேம் விலை ஏறிவிட்டது. அதைச் சாட்டி பழையதுக்கும் கூட்டிக் கேட்பார்கள், இரண்டு கடையில் விசாரியுங்கள். செக்கண்ட் ஹேண்டாக இருந்தாலும் பில்லில் ஒரு கிழமையாவது மாற்றித் தருவதாக எழுதி வாங்குங்கள். ரேமுக்கு வயசு பெரிய விஷயமில்லை. ஓடுகிற பழைய ரேம், பெயர் தெரியாத புதிதைவிட நம்பிக்கையானது.

போடும் வேலை இனி. மெஷினை நிறுத்தி, வயரைச் சுவரிலிருந்து கழற்றி, அதன்பிறகு பவர் பட்டனைப் பத்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். பெட்டியைப் படுக்க வைத்துப் பக்க மூடியைத் திறந்து, கை வைக்கும் முன் பெட்டியின் வெறும் இரும்பைத் தொடுங்கள். நம் பக்கத்து ஈரக் காற்றில் நிலைமின்சாரத் தொல்லை குறைவுதான், ஆனால் தை மாசிப் பனியில் காற்று காய்ந்துபோய் இருக்கும், கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது பொறி பறக்குமே, அந்த நாட்களில் அதைக் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

உள்ளே பார்த்ததும் ஒருவேளை திடுக்கிடுவீர்கள். அடுப்பங்கரைக்குப் பக்கத்து அறையில் மெஷின் இருக்கும் வீடுகளில், விறகுப் புகைக்கரி மின்விசிறியில் ஏறி, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து பிசினாகப் பிடித்திருக்கும். வெளியூர் வீடியோக்களில் காட்டுகிற தூசி மாதிரி ஊதினால் போகாது. வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் தெறிக்கும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். விசிறியை ஒரு விரலால் சுற்றாமல் பிடித்துக்கொண்டு இதழ்களைத் துடையுங்கள். மெஷின் சூடாகி மெதுவாவதற்கு இந்தப் பிசினும் ஒரு காரணம்.

பழைய ரேமின் இரண்டு முனையிலும் உள்ள கிளிப்பை வெளிப்பக்கம் அழுத்தினால் ரேம் மேலே எழும்பும். எடுத்து அதன் தங்கநிற ஓரத்தைப் பாருங்கள். வட்டவளை, மஸ்கெலியா மாதிரி வருஷம் பூராவும் ஈரம் உறையும் இடங்களில் அந்த ஓரம் மங்கிப்போய் வரிவரியாகக் கறுத்திருக்கும். "ரேம் செத்துப்போச்சு" என்று சொல்லிக் கொண்டுவரும் மெஷின்களில் கணிசமானவை இதைத் துடைத்ததும் எழும்பிவிடும். பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். உப்புத்தாள், கத்தி எதுவும் வேண்டாம், பூச்சு மிக மெல்லியது.

புது ரேமைப் போடும்போது நடு வெட்டு ஸ்லொட்டிலுள்ள திட்டுக்கு நேராக வருகிறதா என்று பார்த்து, இரண்டு பெருவிரலாலும் இரண்டு முனையையும் சேர்த்து நேராக அழுத்துங்கள். கொஞ்சம் பலம் கேட்கும். இரண்டு கிளிப்பும் தானாக 'டிக்' என்று மூடிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் மூடாமல் இருப்பதுதான் திரை வராமல் போவதற்கு முதல் காரணம்.

மூடியைப் போடாமலேயே ஒருமுறை ஓன் பண்ணிப் பாருங்கள். மெமரியின் அளவு மாறிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வரலாம், டெல் மெஷின்களில் அது வழக்கம், பயப்பட ஒன்றுமில்லை. எஃப்2 அழுத்தி உள்ளே போனால் 8 ஜிபி காட்டும், சேமித்து வெளியே வாருங்கள். திரை வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் நிறுத்திவிட்டு, ஒரு ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை, பிறகு ஸ்லொட்டை மாற்றி. எந்த ரேம், எந்த ஸ்லொட் என்பது இப்படிப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாம் எழும்பி, விண்டோஸில் மட்டும் பாதி அளவு "ஹாட்வெயார் ரிசேர்வ்ட்" என்று காட்டினால், எம்எஸ்கொன்ஃபிக் (msconfig) என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து பூட் பகுதியின் அட்வான்ஸ்ட் பெட்டியில் 'மெக்சிமம் மெமரி' என்பதற்கு யாராவது சரிக்குறி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டால் சரி.

திறந்ததோடு போர்ட்டிலுள்ள நாணய பற்றரியையும் மாற்றிவிடுங்கள். சிஆர்2032, மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கும். கரண்ட் போய் வந்தால் திகதி பழைய வருஷத்துக்குப் போகிறது என்றால் அது செத்துவிட்டது என்று அர்த்தம். திகதி பிழையாக இருந்தால் குரோமில் பாதித் தளங்கள் திறக்காது, அதையும் ரேமின் தலையில் கட்டுவார்கள்.

அன்றிரவு ஒரு பரிசோதனை. மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்து எழுப்பி, ஒரு சுற்று முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் ரேமைத் திருப்பிக் கொடுங்கள், "ஒண்ணுதானே" என்று விடாதீர்கள். கெட்ட ரேம் மெஷினை நிறுத்துவதோடு விடாது, சேமிக்கும் கோப்புகளையும் சத்தமில்லாமல் கெடுக்கும். மார்க்ஸ் ஷீட் விஷயம். பின்னேர இடி மழைக் காலத்தில், சித்திரையிலும் ஐப்பசியிலும், இதை ஓடவிட்டு விட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

ரேம் போட்டபின்னும் மெஷின் எழும்ப நேரமெடுக்கும். அது ஹார்ட் டிஸ்க்கின் குறை. அடுத்த காசு கைக்கு வரும்போது அதற்குப் பதிலாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். எச்61 போர்ட்டில் சாட்டா வேகம் 3 ஜிகாபிட்தான், ஆகவே விலை கூடிய எஸ்எஸ்டி வாங்கிப் பலனில்லை, சாதாரணமானதே போதும். 16 ஜிபி ரேம் என்று யாராவது சொன்னால் அந்தக் காசை இதற்குப் போடுங்கள்.

தூக்கிப் போடச் சொன்ன கடைக்காரர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஒக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை முறைப்படி ஏற்காது, எவ்வளவு ரேம் போட்டாலும் உங்கள் ஐ3 அதில் சேராது. வேறு வழிகளில் ஏற்றித் தருகிறோம் என்பார்கள், நான் செய்து கொடுப்பதில்லை, பின்னால் அப்டேட்டில் தொல்லை. 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் போட்ட பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் இந்த மெஷின் நன்றாகவே ஓடும். பிரவுசர், யூடியூப், சூம் எல்லாம் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கும் பழைய வினாத்தாள்களும் அந்த எழுத்துருக் கோப்பை அதில் நிறுவினால் தெரியும். அதிலுள்ள லிப்ரே ஒஃபிஸில் எக்செல் கோப்பு திறக்கும், ஆனால் மக்ரோ எழுதிய மார்க்ஸ் ஷீட் என்றால் வேலை செய்யாமல் போகலாம். மின்டை முதலில் பென் டிரைவிலிருந்தே எழுப்பிச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள், ஹார்ட் டிஸ்க்கில் கைவைக்கத் தேவையில்லை.

கழற்றிய 2 ஜிபியை விற்கப் போனால் பஸ் காசும் வராது. அலுமினியத் தாளில் சுற்றி மேசை லாச்சியில் போட்டு வையுங்கள். ஒருநாள் மெஷின் எழும்பாமல் போனால், ரேமா வேறெதுவுமா என்று பார்க்க அதுதான் கைக்கு உதவும்.